நடக்கட்டுமா, ஏறட்டுமா?

பொங்கல் முடிந்தும் போகிப் புகை ஊரைவிட்டுப் போகவில்லை. மேயப் போன செவலை ஆடு வீடு திரும்பும் வழியில் நாற்சந்தியில் நின்றது. ஊர்க்கோடியில் அதன் குட்டி பாலுக்குக் கத்திக்கொண்டிருந்தது.

“புகை அதிகம். வண்டியில் ஏறாதீர்கள், நடந்தே போங்கள்!” என்று மின்னியது கம்பத்திலிருந்த மின்பலகை.

ஆடு நடந்தது.

“புகை அதிகம். நடந்தால் மூச்சு முட்டும், வண்டியில் போங்கள்!” என்று அலறியது அதே கம்பத்து ஒலிபெருக்கி.

அங்கே நின்றிருந்த முட்டைக்கோஸ் வண்டியில் ஆடு தாவி ஏறியது. பலகை மறுபடி மின்னவே இறங்கியது. ஒலிபெருக்கி கத்தவே ஏறியது, பிறகு இறங்கியது. வண்டி அலுத்துப்போய்க் கிளம்பிவிட்டது.

“ரெண்டு பேரும் கலந்து பேசி ஒண்ணைச் சொல்லுங்கப்பா, பிள்ளை பசியில கிடக்கு!”

“நான் சொல்வதுதான் சரி” என்றன இரண்டும்.

கம்பத்தடியில் ஜெனரேட்டர் தடதடத்துக்கொண்டிருந்தது. ஆடு அதனிடம் போனது. “அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. நடக்கட்டுமா, ஏறட்டுமா?”

ஜெனரேட்டர் குபுகுபுவென்று கரும்புகையைக் கக்கியது.

“என்னைக் கேக்காத தாயி. அவங்க ரெண்டு பேரும் பேசறதுக்கு நான்தான் ராப்பகலா ஓடுறேன். போகி அன்னிக்கு ஓட விட்டாங்க, இன்னும் நிறுத்தல. இந்தப் புகை எப்பத்தான் கலையுமோ!”