பட்டியலில் ஒரு பேர்

"கள்ளருக்காக வாதாடுற பிள்ளைக்கு மேடையில பொன்னாடை போத்தினால் சனம் காறித் துப்பும், தம்பி."

பழைய மாணவர் சங்கத் தலைவர் சபாரத்தினம், சாதனையாளர் பட்டியலில் தர்மிகாவின் பேருக்குப் பக்கத்தில் பேனையை வைத்துக்கொண்டு சொன்னார்.

பரமேஸ்வரனுக்குப் பத்திக்கொண்டு வந்தது. ரெய்னர்ஸ் லேன் மண்டபம் நிறையச் சனம். டொக்டர் பிள்ளை, எஞ்சினியர் பிள்ளை, எல்லாருடைய பேரும் பட்டியலில் இருக்கு. இருபது வருசம் பலசரக்குக் கடையில் கால் கடுக்க நின்று அவர் படிப்பித்த மகளின் பேர் மட்டும் இவருக்கு உறுத்துதாம்!

"அவள் சொலிசிட்டர் அண்ணை. கிரிமினல் கேஸ் மட்டுமில்லை. டொக்டர்மார், நர்ஸ்மாருக்கு வேலையில பிரச்சினை வந்து விசாரணை வைச்சாலும் அவள்தான் போறவள்."

"பிழை செய்யாதவனுக்கு என்னத்துக்கு சொலிசிட்டர்? சரி, அவள் காப்பாத்தின ஒரேயொரு நல்ல ஆளைச் சொல்லும் பாப்பம். பேரை வெட்டாமல் விடுறன்."

பரமேஸ்வரன் விறுவிறென்று வாசலுக்குப் போய் மகளுக்குப் போன் அடித்தார்.

"பிள்ளை, ஒரு நல்ல கேஸ் சொல்லம்மா. ஆளின்ர பேர்கூட வேண்டாம்."

"பேர் இல்லாமலும் சொல்ல ஏலாதப்பா. எங்கட சனத்துக்கு அரைவாசி சொன்னாலே காணும், ஆளைப் பிடிச்சிடுவினம்."

"எனக்கு மட்டும்?"

"உங்களுக்கும் ஏலாது. பட்டியல்ல பேர் இல்லாட்டி என்னப்பா? நாளைக்குக் கோர்ட் இருக்கு, வைக்கிறன்."

வைத்தே விட்டாள். பெத்த தகப்பனுக்கே சொல்லாத அப்படியென்ன பெரிய ரகசியம்? அவருக்கு வந்த கோபத்தில் போனை எறிந்திருப்பார்.

"தம்பி..."

திரும்பினார். கையில் ரோல்ஸ் தட்டோடு சபாரத்தினத்தின் மனைவி நகுலேஸ்வரி. கண் கலங்கியிருந்தது.

"இவர் கதைச்சது கேட்டது தம்பி. உங்கட பிள்ளை இல்லையெண்டால் நான் இண்டைக்கு நர்ஸ் இல்லை."

"என்னக்கா சொல்லுறீங்கள்?"

"போன வருசம் என்ர வார்ட்டில ஒரு நோயாளிக்கு மருந்து மாறிப் போச்சு. பழி என்னில. என்ர நர்ஸ் பதிவையே பறிக்கப் பாத்தவை. தர்மிகாதான் பழைய ஷிப்ட் பேப்பரெல்லாம் கிண்டி எடுத்து, அந்த நேரம் நான் வேற வார்ட்டில நிண்டனான் எண்டு காட்டினவள்."

போன வருசம் முழுக்க ஒரே மேசையில் இருந்து சாப்பிட்ட மகள், ஒரு வார்த்தை மூச்சுக் காட்டவில்லையே!

"அண்ணைக்குத் தெரியாதோ?"

"ஷிப்ட் எண்டு சொல்லிப்போட்டுத்தான் விசாரணைக்குப் போனனான். பிழை செய்யாதவனுக்கு என்னத்துக்கு சொலிசிட்டர் எண்டு கேக்கிற மனுசனிட்டை எப்பிடிச் சொல்லுறது? ஆனா இப்ப சொல்லப்போறன். உங்கட பிள்ளையின்ர பேரை வெட்ட விடமாட்டன்."

சொன்னாரே தவிர, கண் கணவர் நின்ற பக்கம் போய்ப் போய் வந்தது.

அதற்குள் சபாரத்தினமே பட்டியலோடு வந்துவிட்டார். "என்ன தம்பி, நல்ல ஆள் ஒண்டும் அகப்படேல்லையோ?"

நகுலேஸ்வரி வாயைத் திறந்தார். பரமேஸ்வரன் முந்திக்கொண்டார்.

"கேட்டனான் அண்ணை. சொல்லமாட்டாளாம். பேனையை இஞ்ச தாங்கோ."

வாங்கி, மகளின் பேரைத் தன் கையாலேயே வெட்டினார். அந்தப் பேரை அவளுக்கு வைத்த நாளில்கூட அவர் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.