பூச்சித் தட்டுகள்

சிடோனியா இறகு மெத்தையைச் சுருட்டி வண்டியில் போடச் சொன்னாள். என் மனைவி ரோசினா இறந்தது அதில்தான்.

"என்ன மாப்பிள்ளை, முறைக்கிறீங்க? பொம்பளை கொண்டாந்த சாமான், அவ செத்தா அக்காகாரிக்குத்தான். லைப்சிக்ல சட்டம் படிச்சவருக்கு இதையும் நானா சொல்லித் தரணும்?"

சாக்சனியில் அதுதான் வழக்கம். வாதாட ஒன்றுமில்லை.

விரிப்புகள் போயின. பித்தளை விளக்குத் தண்டு போயிற்று. எதையும் நான் தடுக்கவில்லை.

எனக்கு வேண்டியது பீங்கான் தட்டுகள் மட்டும். பீங்கான் ஆலையில் ஓவியராக இருந்த மாமனார் வெறும் வெள்ளையாகக் கொடுத்தவை. பூக்கள் ரோசினா தீட்டிச் சூளையில் சுட்டுப் பதித்தவை. அவள் கை தெரிவது இந்த வீட்டில் அவற்றில் மட்டும்தான்.

"தட்டுகளை மட்டும் விட்டுடுங்க அக்கா."

"அதுக்குத்தானே டிரெஸ்டன்லேர்ந்து வண்டி கட்டிட்டு வந்திருக்கேன்!"

அவள் கணவனுக்கு அங்கே பீங்கான் கடை.

அலமாரியைத் திறந்து ஒரு தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ரோஜாவுக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு பொன்வண்டு.

அடுத்ததில் தேனீ. அதற்கடுத்ததில் ஈ.

வாங்குகிறவர்கள் பூச்சியைப் பார்த்துச் சிரிப்பார்கள். விற்கிறவர்களுக்கு விஷயம் தெரியும். சூளையில் வேகும்போது வெள்ளையில் கரும்புள்ளி விழுந்துவிடும். ஓவியர்கள் அதன்மேல் பூச்சி வரைந்து மறைப்பார்கள்.

"கழிச்சுப் போட்டதையா எங்கப்பன் சீதனமா தள்ளிவிட்டிருக்கான்? இத கடையில வெச்சா காறித் துப்புவாங்க. அவளும் அரைகுறை, அவ தட்டும் அரைகுறை. நீங்களே வெச்சுத் தின்னுங்க."

தட்டை மேசைமேல் வீசினாள். உடையவில்லை.

வண்டி தெரு முனை திரும்பியது.

திருமணத்துக்கு மறுநாள் அந்தத் தட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கியவன் நான். ஒன்றில்கூடப் புள்ளி இல்லை.

கடைசி வாரங்களில் ரோசினா என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, தலையணையில் சாய்ந்தபடி, முடித்து வைத்த தட்டுகளிலேயே மறுபடி எதையோ வரைந்துகொண்டிருந்தாள். என்னை வெறுத்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

ஒரே ஒரு முறைதான் வாய் திறந்தாள். கொல்லையில் இருக்கும் சிறிய சூளையை மூட்டச் சொன்னாள்.

எதற்கென்று நான் கேட்கவில்லை. விறகு அடுக்கினேன்.