இடது காது

பேஸ்பால் அணியின் மேலாளர் சவரிராயன் மருத்துவமனைக்குள் நுழையும்போதே இரண்டு கைகளையும் பேண்ட் பைக்குள் திணித்துக்கொண்டார். அவரும் ஆட்டக்காரராக இருந்தவர்தான். மைதானத்தில் ‘பேஸ்’ எனப்படும் தளங்களில் இரண்டாவதன் அருகே நின்று பந்து தடுத்த பதினான்கு வருடமும் அவருக்குப் பந்தைக் கண்டால் பயம். பயம் வரும்போதெல்லாம் கை தானாகப் போய் இடது காதைத் தொடும். மேலாளரானதும், யாரும் கண்டுபிடித்துவிடாதபடி அதையே சைகையாக்கிவிட்டார். அவர் காதைத் தொட்டால் தளத்தில் நிற்பவன் அடுத்த தளத்துக்கு ஓட வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் அவர் யாரையும் ஓடச் சொல்லவில்லை, பயந்து காதைத் தொட்டார், அவ்வளவுதான். தளத்தில் நின்ற பரிதி ஓடினான். எதிரணிக்காரன் ஒருவனின் முழங்கால் அவன் முதுகெலும்பில் இறங்கியது.

“கால்ல உணர்ச்சியே இல்ல சார்,” என்றான் பரிதி, கட்டிலில் கிடந்தபடி. “ஆனா நீங்க சொன்னா அதுல ஒரு கணக்கு இருக்கும்.”

அவன் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டாள். “எனக்கு ஆட்டம் தெரியாது சார். அவர எதுக்கு அப்ப ஓடச் சொன்னீங்க?” அவள் குரலில் கோபமே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

சவரிராயன் வாயைத் திறந்தார். இடது கை பைக்குள்ளிருந்து வெளியே வந்துவிட்டதை அவர் உணர்ந்தபோது விரல்கள் காதில் இருந்தன.

பரிதி அதைப் பார்த்துவிட்டான். இரண்டு கைகளாலும் கட்டில் கம்பியைப் பற்றி, உடம்பை விளிம்புக்கு இழுக்க ஆரம்பித்தான்.

“இப்பவா சார்?” என்றான்.