பிராங்கிளின் கொடுத்த புகார்

“ஒரு பொண்ணு என் பின்னாடியே சுத்திகினு கீது மேடம். வெளிய தல காட்ட முடியல.”

எஸ்.ஐ. செல்லக்கனி பேனாவை மூடிவிட்டு பிராங்கிளினை ஏற இறங்கப் பார்த்தார். கழுத்தில் பவுடர், கையில் காப்பு. மூலையிலிருந்த ரைட்டர் தங்கப்பாண்டி, “குடுத்து வெச்ச மவராசன்” என்று முணுமுணுத்தார்.

பிராங்கிளினுக்குச் சுருக்கென்றது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் அவனுக்கும் எண்ணூர்ப் பெண்ணுக்கும் கல்யாண ஓலை வாசித்து, தடை இருந்தால் சொல்லும்படி கேட்கப் போகிறார்கள். இந்த நேரத்தில் ஒருத்தி ஒட்டிக்கொண்டு திரிகிறாள் என்று பெண் வீட்டார் காதில் விழுந்தால், தடை சொல்ல நாலு பேர் எழுந்து நிற்பார்கள். சம்பந்தம் அதோடு சரி.

“எங்கெல்லாம் பார்த்த?”

“காலைல கல்மண்டபம் பஸ் ஸ்டாப்புல நிக்குது. சாயந்தரம் எக்ஸ்போர்ட் கம்பெனி கேட்டாண்ட. நான் எதிர்ல டீக்கடை பெஞ்சில குந்திகினு கீறேன், என்னையே முறைக்குது. செவ்வாக்கெழம கோயில்ல நவநாள் செபத்துக்குப் போனா அங்கயும் வந்து முட்டி போடுது.”

“வாயத் தொறந்து எதாவது பேசுச்சா?”

“பேசுனாத்தான் பரவால்லியே. சும்மா பாக்குது. தோஸ்துங்க வேற ஓட்டுறானுங்க. ஒரே பேஜாரு.”

“ஏன் தம்பி, பொம்பளைப் பிள்ளைக்கு இப்படிப் பயப்படுற?”

“யாரு, இன்னா, எதுக்குன்னே தெரியாம ஒருத்தி கூடவே வந்தா பயமா இருக்காதா மேடம்? சோறே எறங்கல.”

செல்லக்கனியின் உதட்டோரம் துடித்தது. “சாட்சி இருக்கா?”

பிராங்கிளின் நிமிர்ந்து உட்கார்ந்தான். “எங்க தெரு ஐரீனைக் கேளுங்க. அந்தக் கம்பெனிலதான் தைக்குது. நான் சொன்ன எல்லா எடத்துலயும் அது கண்ணால பாத்துச்சு.”

ஆள் போனது. கொஞ்ச நேரத்தில் ஐரீன் படியேறி வந்தாள். அவளுக்குப் பின்னால், தோளில் ஜோல்னாப் பையுடன் இன்னொருத்தி.

பிராங்கிளின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். “பாத்தீங்களா மேடம், இன்னா தில்லு. ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டா.”

“யாரும்மா நீ? இந்தப் பையனை ஏன் விடாமத் துரத்துற?” என்றார் செல்லக்கனி.

“என் பேரு சிவந்தி. பொண்ணுங்க பின்னாடியே அலையுற ஆம்பளைங்களைப் பத்தி யுனிவர்சிட்டியில ஆராய்ச்சி பண்றேன்.” அவள் பையை மெல்ல இறக்கி வைத்தாள். “ஆனா, இவரு பின்னாடி நான் போகவே இல்லையே மேடம். ஒரு வாரமா ஐரீன் கூடத்தான் போறேன்.”