அளவு பார்க்க ஒரு ஆள்

“உன் பெரியம்மா பொண்ணுக்குப் பிறந்த நாள் வருது. ஒரு கவுன் எடுக்கணும், கூட வா.”

கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் மகன் மாட்டேன் என்றுதான் சொன்னான். துணிக்கடைக்குப் போனால் தன் கண் எந்தப் பக்கம் போகும் என்று அவனுக்குத் தெரியும். யாராவது கவனித்துவிட்டால்? ஆனால் அம்மா விடவில்லை.

கடைக்காரப் பெண் நீல நிறக் கவுன் ஒன்றை விரித்தாள். “பொண்ணு எவ்வளவு உயரம்மா?”

“இதோ, இவன் உயரம்தான். இவன் மேலயே வச்சுப் பாரும்மா.”

“என்னம்மா நீ!”

“சும்மா நில்லுடா. அளவுக்குத்தானே!”

கவுனை அவன் தோளோடு சேர்த்துப் பிடித்தாள் கடைக்காரப் பெண். அவன் கண்ணாடியை ஒரே ஒரு தடவை பார்த்தான். சின்ன வயதிலிருந்து அடக்கி வைத்த ஏக்கமெல்லாம் முகத்தில் தெரிந்தது. சட்டென்று குனிந்து, அவிழாத ஷூ லேசை அவிழ்த்துக் கட்டினான்.

“அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு. இதையே கட்டிக் கொடும்மா” என்றாள் அம்மா.

கடைக்காரப் பெண் பெட்டிக்கு ரிப்பன் கட்டினாள். “மேல பேர் எழுதித் தர்றோம். பொண்ணு பேர் என்னம்மா?”

அம்மா மகன் பக்கம் திரும்பினாள்.

“நீயே சொல்லும்மா. நான் வச்ச பேர் உனக்குப் பொருந்தலைன்னு பெத்தவளுக்குத் தெரியாதா?”

“அப்போ... பெரியம்மா பொண்ணு?”

“அவளுக்கு எதுக்கு? அவகிட்ட நிறைய இருக்கு.”

எத்தனையோ வருடம் மனசுக்குள்ளேயே கூப்பிட்டுப் பார்த்த பெயரை, மகள் முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னாள்.