கடைசி பெனால்டி

கல்லூரிகளுக்கு இடையிலான கால்பந்துப் போட்டிகளை இப்போது யாரும் மைதானத்தில் ஆடுவதில்லை. ஒவ்வொருவரின் விவரங்களையும் வைத்துக் கணினியே ஆடி முடித்துப் படமாகக் காட்டிவிடுகிறது. இறுதிப் போட்டியில் ஜெயிக்கும் அணியில் எல்லோருக்கும் அரசு வேலை.

விடுதி உணவுக்கூடத்தில் சுண்டல் தின்றபடி அணிப் பெண்கள் தங்கள் இறுதி ஆட்டத்தைப் பார்த்தார்கள். கடைசி நிமிடத்தில் பெனால்டி கிடைத்தது. திரையில் இளவேனி ஓடிவந்து உதைத்தாள். பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. தோற்றுவிட்டார்கள்.

"இந்த வருஷம் திரையில ஒரு பெனால்டியாவது மிஸ் பண்ணியிருக்கேனாடி?" என்றாள் இளவேனி.

"அதான் இப்பப் பண்ணிட்டியே," என்றாள் கேப்டன் சுகிர்தா.

"நான் எங்கடி அடிச்சேன்? உன் பக்கத்துலதான உக்காந்திருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. கோல்கீப்பர் ஜெனிபர் அழுதுகொண்டிருந்தாள். "நான் நாலு கோலைத் தடுத்தேன். எல்லாத்தையும் வீணாக்கிட்டா," என்று தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

பண்ருட்டியிலிருந்து இளவேனியின் அம்மா போனில் அழைத்தாள். முந்திரி உடைக்கும் வேலைக்கு அன்று அவள் போகவில்லை.

"தெருவே நம்ம வீட்டுல உக்காந்து பாத்துச்சுடி. நல்லாத்தான ஓடியாந்த? அத்தன மேல ஏன்டி அடிச்ச?"

இளவேனி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். மைதானத்தில் முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்திருந்தது. கோல் கம்பங்களில் வலைகூட இல்லை.

"சொல்லுடி."

"கால் வழுக்கிடுச்சும்மா," என்றாள்.