தெறித்த கற்பூரம்

"கையை ஒளிக்காதை. மேசைக்கு மேல வை. ஒளிச்சா வேற மாதிரி நினைப்பினம்."

அருந்தவன் மகளின் காதருகே சொல்லிவிட்டுக் கதவைத் திறக்கப் போனார். மணி மறுபடி அடித்தது. மயூரா வலக்கையை மேசைமேல் வைத்தாள். புறங்கையில் நீளமாகத் தோல் உரிந்து சிவந்திருந்தது.

வந்தவர்கள் இரண்டு பெண்கள். பிள்ளைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் நிலையமொன்றின் சமூகசேவையாளர்கள். மூத்தவர் ஹெலன், வெள்ளைக்காரி. மற்றவள் சயந்தினி, நெற்றியில் திருநீறு, போன வருடம்தான் படிப்பை முடித்தவள். இந்த வீட்டுப் பிள்ளையின் கையில் தீக்காயம் இருக்கிறது என்று யாரோ தொலைபேசியில் முறையிட்டிருக்கிறார்கள். பிள்ளை தொடர்ந்து இந்த வீட்டில் இருக்கலாமா என்று அவர்கள் இன்று பார்த்துச் சொல்லவேண்டும்.

சயந்தினி வாசலில் செருப்பைக் கழற்றினாள். ஹெலனையும் கழற்றச் சொன்னாள். உள்ளே வந்ததும் சாமிப்படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். அதைக் கண்டதும்தான் அருந்தவனுக்கு மூச்சு சீராக வந்தது.

"ஆர் சொன்னதெண்டு சொல்லேலாதோ, பிள்ளை?"

"சொல்லேலாது, அங்கிள்."

"பள்ளிக்கூடத்து ஆக்களாத்தான் இருக்கும். அவையள் பார்பிக்யூவில கையைச் சுட்டா ஒருத்தரும் ஃபோன் பண்ண மாட்டினம்."

சயந்தினி சிரித்துவிட்டாள். மயூரா சிரிக்கவில்லை.

போன ஞாயிறு கோயில் தேர்த்திருவிழாவில் மகள் கற்பூரச்சட்டி எடுத்தவள் என்று அருந்தவன் சொன்னார். தான் கோயில் கமிற்றியில் இருப்பதையும் சேர்த்துக்கொண்டார். மண்சட்டியில் கற்பூரத்தைக் கொளுத்தி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பெண்கள் தேருக்குப் பின்னால் வருவார்கள், அது அவர்கள் வைக்கிற நேர்த்திக்கடன் என்று சயந்தினி ஹெலனுக்கு ஆங்கிலத்தில் விளக்கினாள். பிறகு மயூராவிடம் திரும்பினாள்.

"நானும் தேருக்கு வந்தனான். உம்மைக் காணேல்லையே, தங்கச்சி?"

அருந்தவனின் தேநீர்க் கோப்பை பாதி வழியில் நின்றது.

"அந்தச் சனத்துக்க எங்க காணுறது," என்று சயந்தினியே சொல்லிக்கொண்டாள்.

ஹெலன் காயத்தைக் குனிந்து பார்த்தார். சட்டியை ஏந்தினால் உள்ளங்கையல்லவா சுடும், புறங்கை எப்படிச் சுட்டது என்று கேட்டார். தேநீர்த் தட்டோடு நின்ற தாய் விமலாதேவி நிலத்தைப் பார்த்தாள்.

"கற்பூரம் உருகித் தெறிச்சிருக்கும்," சயந்தினி முந்திக்கொண்டாள். "என்ன, அங்கிள்?"

"ஓம், பிள்ளை. தெறிச்சது."

மயூரா பல்லைக் கடித்தாள். ஆத்திரத்தில் கண் நிறைந்தது. சயந்தினி அதைக் கண்டு, நான் இருக்கிறேன் என்பதுபோலத் தலையசைத்தாள்.

பிள்ளையோடு தனியாகப் பேசவேண்டும் என்றார் ஹெலன். அப்போதுதான் சயந்தினிக்குக் கோபம் வந்தது. பெற்றோரை வெளியே அனுப்பிவிட்டுப் பிள்ளையை விசாரிப்பது குற்றவாளிகளை நடத்துகிற முறை என்றாள். அடுத்தவரின் சமயத்தை நோயாகப் பார்க்கக்கூடாது என்றுதான் பல்கலைக்கழகத்தில் தனக்குப் படிப்பித்தார்கள், ஹெலன் படித்த காலத்தில் அது இல்லைப் போலும் என்றாள். சின்ன வகுப்பில் தன் திருநீற்றை ஒரு ஆசிரியை ஈரத்துணியால் துடைத்துவிட்டதைச் சொன்னபோது அவள் குரல் உடைந்தது.

ஹெலனின் முகம் சிவந்தது. அருந்தவனிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு, இருந்த இடத்திலிருந்தே, இப்படித்தான் நடந்ததா என்று மயூராவைக் கேட்டார்.

அருந்தவன் எழுந்து வந்து மகளின் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மயூரா சயந்தினியையே பார்த்தாள். வேறு யாரையும் பார்க்கவில்லை. சயந்தினி, சொல்லு என்று கண்ணைக் காட்டினாள்.

"யெஸ்," என்றாள் மயூரா.

வாசலில் செருப்பைப் போட்டபடி சயந்தினி அவளை அருகே அழைத்தாள்.

"பயப்பிடாதையும். நான் எழுதி முடிச்சுவிடுறன். இனி ஒருத்தரும் உங்களைக் கரைச்சல்படுத்த வரமாட்டினம்."

தன் தோளைத் தொட வந்த கையை மயூரா தட்டிவிட்டாள். பாவம், பிள்ளை நல்லாப் பயந்துபோச்சு என்று விமலாதேவியிடம் சொல்லிவிட்டு சயந்தினி படியிறங்கினாள்.

கார் தெருமுனையில் திரும்பும்வரை அருந்தவன் கையசைத்துக்கொண்டு நின்றார். பிறகு கதவைப் பூட்டினார்.

"குசினிக்க வா. ஆர் ஃபோன் பண்ணினதெண்டு கதைப்பம்."

விமலாதேவி ஒவ்வொரு யன்னலாகச் சாத்தத் தொடங்கினாள்.

தேரன்று மயூராவுக்குத் தீட்டு. அவள் கோயில் பக்கமே போகவில்லை, அடுப்பில் காய்ச்சிய கரண்டிக் காம்பை அப்பா அவள் கையில் வைத்தது இந்த வீட்டுக் குசினிக்குள்தான். பள்ளிக்கூடக் கழிவறையில் ஒளிந்திருந்து ஃபோனில் முறையிட்டவளும் அவள்தான்; வெள்ளைக்காரரை அனுப்பினால் அப்பா கோயில் கதை சொல்லி ஏமாற்றிவிடுவார், ஒரு தமிழ் ஆளை, அதுவும் சைவ ஆளை அனுப்புங்கள், அந்த ஆளுக்குப் பார்த்த உடனேயே பொய் தெரிந்துவிடும் என்று கெஞ்சிக் கேட்டிருந்தாள். இனி எந்த ஆளைக் கேட்பது?